3.2 மைல்தானே அக்கா!

குழு: நம் வீடு
சனிக்கிழமை

கயல்: அமெரிக்காவின் மான்யுமென்ட் வேலி பள்ளத்தாக்கில் வைல்ட்கேட் நடைபாதை, 3.2 மைல், முடித்துவிட்டோம். மூவரும் நலம். விவரம் பிறகு.

அம்மா: காலையில் அனுப்பிய செய்தி இன்னும் ஒற்றைக் குறியோடு நிற்கிறது. சாப்பிட்டீர்களா?

கயல்: கீழே இறங்கியதும் சிக்னல் போய்விட்டது அம்மா. இப்போது மேலே வந்துவிட்டோம். சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இங்கே வாழும் பழங்குடிகளான நவாஹோ மக்களின் பொரித்த ரொட்டி. நிலவன் இரண்டாவதை முடித்துக்கொண்டிருக்கிறான்.

செந்தில்: 3.2 மைலுக்கு இவ்வளவு ஆரவாரமா அக்கா? டிரெட்மில்லில் நான் தினமும் நடக்கிற தூரம்.

கயல்: டிரெட்மில்லில் மணலைக் கொட்டு. மின்விசிறியை நிறுத்து. கடைசி அரை மணி நேரம் சாய்வை ஏற்றி வைத்துக்கொண்டு நட. பிறகு வந்து பேசு.

யாழினி: அண்ணி, இதை நான் சட்டம் போட்டு அவர் டிரெட்மில்லுக்கு எதிரே மாட்டப் போகிறேன்.

நிலவன்: [படம்]

நிலவன்: [படம்]

நிலவன்: [படம்]

அப்பா: நிலவா, மூன்றும் ஒரே பாறையா, வேறு வேறா? மூன்றாவது படத்தில் வெறும் தூண்தான் தெரிகிறது.

நிலவன்: ஒரே பாறைதான் தாத்தா! வெஸ்ட் மிட்டன். மிட்டன் என்றால் நான்கு விரலும் ஒன்றாக, கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் கையுறை. முதல் படம் கார் நிறுத்துமிடத்தில் எடுத்தது. நடக்க நடக்கக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய்விட்டது. பின்பக்கம் போனால் மறுபடி வெளியே வருகிறது, ஆனால் எதிர்ப்பக்கத்தில். இடக்கை வலக்கை ஆகிவிட்டது!

அப்பா: இதற்காகவே சுற்றி நடக்கலாம் போலிருக்கிறது.

செந்தில்: நாங்களும் செப்டம்பர் இரண்டாம் வாரம் போகிறோம். முந்தின இரவு பேஜ் ஊரில் தங்கல். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 8 மணிக்கு மேல் அங்கே இருப்போம். 8:30க்கு நடக்கத் தொடங்கி 10 மணிக்குள் முடித்துவிடலாம். அதற்குள் வெயில் என்ன செய்துவிடும்?

பாஸ்கர்: செந்தில், எந்தக் கடிகாரத்தில் 8:30?

செந்தில்: புரியவில்லை அத்தான். என் கைபேசிக் கடிகாரத்தில்தான்.

பாஸ்கர்: அங்கேதான் நாங்கள் நேற்று ஏமாந்தோம். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. அதற்குள் இருக்கும் நவாஹோ மக்களின் தன்னாட்சிப் பகுதியான நவாஹோ நாடு மாற்றுகிறது. பேஜ் அரிசோனா நேரம், பூங்கா நவாஹோ நேரம். கோடையில் பூங்கா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கைபேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். நேற்று மேசை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு கைபேசிகளும் இரண்டு நேரம் காட்டின. உன் 8:30 அவர்களுக்கு 9:30.

அம்மா: ஒரு மாநிலத்துக்குள் இரண்டு நேரமா! மாத்திரையை எந்த நேரத்துக்குப் போடுவது?

கயல்: நேரம் எதுவானாலும் சூரியன் ஒன்றுதான் அம்மா. நாங்கள் விடிந்த கையோடு கிளம்பினோம். அதற்கே திரும்பும்போது முதுகு வெந்துவிட்டது. நிழல் என்று சொல்ல அங்கே இருப்பது என் இடுப்பு உயர ஜூனிப்பர் மரங்கள்தான். நிழலுக்கு ஒதுங்க வேண்டுமென்றால் தவழ வேண்டும்.

செந்தில்: செப்டம்பரில் வெயில் குறைந்துவிடும் அக்கா.

கயல்: குறையும், தணியாது. சரி, நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன், கேள். நானும் உன்னைப் போல "3.2 மைல்தானே" என்று இரண்டாவது தண்ணீர்ப் புட்டியைக் காரிலேயே வைத்துவிட்டேன். வழக்கமாக மலைக்குப் போனால் முதலில் ஏற்றம், திரும்பும்போது இறக்கம். களைத்த கால் தானாக இறங்கிவிடும். இந்தப் பாதை நேர்மாறு. கார் நிறுத்துமிடம் மேட்டில் இருக்கிறது, பாறைகள் கீழே. தொடக்கத்தில் சரசரவென்று இறங்கினோம், நிலவன் ஓடியே போனான். பாறையை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகு, தண்ணீர் தீர்ந்து, வெயில் ஏறிய வேளையில், அதே சரிவு செங்குத்தாக முன்னால் நிற்கிறது. அதுவும் மாவு போன்ற சிவப்பு மணல். இரண்டடி வைத்தால் ஓரடி கீழே இழுக்கிறது. பலகையில் 3.2 மைல். என் கைக்கடிகாரம் ஏறக்குறைய 4 மைல் காட்டியது. எது சரி என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அம்மா: குழந்தைக்குத் தண்ணீர் இருந்ததா?

நிலவன்: என்னிடம் அரைப் புட்டி இருந்தது பாட்டி. அம்மாவுக்கும் கொடுத்தேன். நான்கு மிடறு.

கயல்: எண்ணிக்கொண்டே கொடுத்தான்.

பாஸ்கர்: என் முழங்கால் காரணமாக நான் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கடைசிச் சரிவில் இரண்டு எறும்புகள் தெரிந்தன. தொப்பியை வீசிக் காட்டினேன். ஓர் எறும்பு கையசைத்தது. மற்றது அசைக்கவில்லை.

கயல்: அசைக்காத எறும்பு நான்.

அப்பா: பாலைத் திணைக்குச் சிறுபொழுது நண்பகல் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பாட்டுக்கு. நடப்பதற்கு அல்ல.

செந்தில்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

யாழினி: என்ன நீக்கினீர்கள்?

செந்தில்: ஒன்றுமில்லை. அப்பாவைக் கிண்டல் செய்யப் பார்த்தேன், துணியவில்லை. அக்கா, வழிகாட்டி வேண்டுமா? எங்களிடம் தேசியப் பூங்கா ஆண்டு அனுமதி அட்டையும் இருக்கிறது.

கயல்: அட்டையைப் பத்திரமாக வீட்டில் வை. அது இங்கே செல்லாது. இது தேசியப் பூங்கா அல்ல, நவாஹோ மக்களின் சொந்தப் பூங்கா. 1958இல் அவர்களே அமைத்தது. ஆளுக்கு 8 டாலர் கட்டணம். வைல்ட்கேட் பாதையில் வழிகாட்டி இல்லாமல் நடக்கலாம். 17 மைல் மண்சாலையில் உன் காரிலேயே சுற்றலாம். மற்றபடி பள்ளத்தாக்கின் உட்பகுதிக்குப் போக நவாஹோ வழிகாட்டி கட்டாயம். பாதையை விட்டு ஓரடி விலகக்கூடாது. அங்கே இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. பாறையில் ஏறுவதும் கூடாது.

செந்தில்: டிரோன்?

கயல்: கூடாது. பெட்டியிலிருந்து எடுக்கவே எடுக்காதே. மனிதர்களைப் படம் எடுப்பதானாலும் கேட்டுவிட்டுத்தான். நம் வீட்டுத் திண்ணையை யாராவது கேட்காமல் படம் எடுத்தால் அம்மா என்ன செய்வார் என்று நினைத்துக்கொள்.

அம்மா: விளக்குமாறு எடுப்பேன்.

அப்பா: கயல், அந்தப் பாறைகள் எப்படி அவ்வளவு நேராக நிற்கின்றன? காற்று செதுக்கியதா?

கயல்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் அப்பா. பெரும்பாலும் மழைநீரும் பனிக்கட்டியும் செய்த வேலையாம். மூன்று அடுக்கு. அடியில் ஆர்கன் ராக் என்னும் மென்மையான களிப்பாறை. அது படிப்படியாகக் கரைந்து, விரித்த பாவாடை போலச் சரிந்து கிடக்கிறது. அதன் மேல் டி ஷெல்லி மணற்கல், சுவர் போல. உச்சியில் மோயன்கோப்பியும், அதற்கும் மேலே ஷினாரம்ப் என்னும் கூழாங்கல் பாறையும். உச்சிப் பாறை கெட்டி. குடை போல மணற்கல்லைக் காக்கிறது. அடிப் பாறை அரிக்கப்பட்டதும் மணற்கல் பிடிமானம் இழந்து, நெட்டுவாக்கு விரிசல் வழியே பாளம் பாளமாக விழுகிறது. சாய்வாகத் தேயாமல் செங்குத்தாக உடைவதால்தான் சுவர் நேராகவே நிற்கிறது.

அப்பா: அப்படியானால் இவை வளர்ந்தவை அல்ல, மிஞ்சியவை.

கயல்: அதேதான் அப்பா. ஒரு காலத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பீடபூமி. நான் நடந்த மணல் முழுவதும் காணாமல் போன பாறை. தரையிலிருந்து உச்சிக்குச் சுமார் 1,000 அடி. வெஸ்ட், ஈஸ்ட் என்று இருக்கும் இரண்டு மிட்டன்களுக்கும் நடுவில் போகும்போது தலையைத் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலித்ததும் தரையைப் பார்த்தேன். ஒரு வண்டு மணலில் தையல் போட்டதுபோல ஒரு வரி இழுத்துக்கொண்டு போயிருந்தது. எங்களுக்கு முன்னால் அன்று நடந்தது அது ஒன்றுதான். தொலைவில் மண்சாலையில் ஒரு ஜீப் புழுதி கிளப்பியது தெரிந்தது, சத்தம் வரவேயில்லை. என் மூச்சுதான் கேட்டது. நிலவன்கூடப் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலவன்: சுவரில் கறுப்புக் கறுப்பாக வழிந்திருந்தது தாத்தா. யாரோ மேலிருந்து மை கொட்டியது போல.

அப்பா: சிவப்பு இரும்புத் துரு. அந்தக் கறுப்பு என்ன?

கயல்: மாங்கனீசு படிந்த மெல்லிய பூச்சு அப்பா. கொஞ்சம் கொஞ்சமாகப் படிவது.

யாழினி: அண்ணி, மாலையில் நடந்தால் என்ன? வெயில் தாழ்ந்துவிடுமே.

கயல்: கடைசி ஏற்றம் இருட்டில் வந்துவிட்டால் சிக்கல், யாழினி. மாலையில் நடக்காமல் மேட்டில் உட்காருங்கள். மேடு பாறைகளுக்கு மேற்கே இருக்கிறது. காலையில் கறுத்த உருவமாகத் தெரிகிற பாறை மாலையில் தணல் போலச் சிவக்கும். நீங்கள் போகும் தேதி வேறு அருமையானது. மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் மறையும்போது வெஸ்ட் மிட்டனின் நிழல் நேராக ஈஸ்ட் மிட்டன் மேல் விழும். கை மேல் கை. ஆண்டுக்கு அந்த இரண்டு தடவைதான். எனக்குக் கிடைக்கவில்லை, பொறாமையாக இருக்கிறது.

செந்தில்: இது தெரிந்தே தேதி வைத்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா?

பாஸ்கர்: இல்லை.

அம்மா: இல்லை.

யாழினி: அப்படியானால் முதல் நாள் மாலையே போய் நிழலைப் பார்த்துவிட்டு, கயென்டாவில் தங்கி, விடிந்ததும் நடக்கலாம். அங்கிருந்து பூங்கா பக்கம்தான். அதுவும் நவாஹோ நேரம்தான், குழப்பமில்லை. பேஜ் அறையை ரத்து செய்துவிட்டேன்.

செந்தில்: யாரைக் கேட்டு?

யாழினி: கடிகாரத்தைக் கேட்டு. எந்தக் கடிகாரம் என்று கேட்காதீர்கள்.

செந்தில்: சரி அக்கா, தண்ணீர் எவ்வளவு எடுத்துப் போகட்டும்?

கயல்: ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல். நிலவனைக் கூட்டிப் போனாலும் அவன் பங்கை நம்பாதே.

நிலவன்: மாமா, உங்களுக்கு என்றால் ஆறு மிடறு தருவேன்.

கயல்: [படம்]

அம்மா: இது என்ன, செங்கல் தூளா?

கயல்: அறையில் என் காலணியைக் கவிழ்த்தேன் அம்மா. இது இடது கால். வலது காலை இன்னும் கவிழ்க்கவில்லை.