ஓடியும் பதற்றம் குறையவில்லையே, ஏன்?

மேட்டுத்தெரு:
இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு ஐந்து நாள் காலையில் ஓடுகிறேன். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 82 ஆக இருந்த நாடித்துடிப்பு இப்போது 64. ஆனாலும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் என் பெயரைச் சொல்லிக் கணக்குக் கேட்டவுடன் உள்ளங்கை வேர்த்து, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேருந்து நிறுத்தம் வரைகூட நடக்காத என் தம்பியோ எதற்கும் அசைவதில்லை. உடற்பயிற்சி மன அழுத்தத்தைத் தாங்கும் வலுவைத் தருகிறதா, அல்லது எல்லாம் பிறவிக் குணம்தானா?

நாடிக்கணக்கு:
ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன் நேர்காணலில் பேசுவதுபோல் பேசிவிட்டு, 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். (உங்கள் திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இது தூரத்து உறவு.) 2007இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தச் சோதனையின்போது பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களின் உமிழ்நீரில் கார்டிசால் (மன அழுத்தத்தின்போது உடலில் சுரக்கும் ஹார்மோன்), பயிற்சியற்ற ஆண்களுக்கு ஏறிய அளவுக்கு ஏறவில்லை; இதயத்துடிப்பும் அவ்வளவு ஏறவில்லை. ஆனால் அந்த வீரர்கள் பிறர் பார்க்கப் போட்டியிட்டுப் பழகியவர்கள் என்பதையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். உங்களிடம் ஒரு கேள்வி: கூட்டம் முடிந்தபின் பதற்றம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது?

வடக்குவாசல்:
குணத்தின் பங்கை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நெதர்லாந்தில் இரட்டையரை வைத்து நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், தாமாக விரும்பி உடற்பயிற்சி செய்பவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் குறைவாகவே காணப்பட்டன. ஆனால் ஒரே கருவிலிருந்து பிரிந்த, மரபணு ஒத்த இரட்டையரில் அதிகமாகப் பயிற்சி செய்தவர் மற்றவரைவிட அமைதியாக இருக்கவில்லை. அப்படியானால் ஓடவைக்கும் மரபணுக்களுக்கும் அமைதி தரும் மரபணுக்களுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதே அவர்களின் விளக்கம்.

பழையசைக்கிள்:
அது தாமாக விரும்பிச் செய்பவர்களைப் பற்றியது. பயிற்சியை ஒரு சிகிச்சையாகவே கொடுத்தால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மனச்சோர்வு நோயுள்ள, ஐம்பது வயதைத் தாண்டிய 156 பேரிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வில், பதினாறு வாரப் பயிற்சி மாத்திரைக்கு ஈடான பலனைத் தந்தது. லண்டனில் எட்டு வாரப் பயிற்சியை வைத்து நடத்தி 2025இல் வெளியான ஆய்வில், எளிதில் கலங்கும் இயல்புடையவர்களிடம்தான் மன அழுத்தம் தெளிவாகக் குறைந்தது. அவர்களுக்கு இடைவெளி விட்டுச் சிறு சிறு பகுதியாகச் செய்யும் பயிற்சி பிடித்தது; இதயத்துடிப்பைப் பிறர் கண்காணிப்பது பிடிக்கவில்லை. ஆகவே ஒப்பிட வேண்டியது உங்கள் தம்பியோடு அல்ல, இரண்டு ஆண்டுக்கு முன்பிருந்த உங்களோடு.

மேட்டுத்தெரு:
நாடிக்கணக்கு கேட்டபின்தான் யோசித்தேன். முன்பெல்லாம் கூட்டம் நடந்த நாளில் மதியச் சோறு தொண்டையில் இறங்காது. டப்பாவை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன். இப்போது கை வேர்ப்பது வேர்க்கிறதுதான், ஆனால் கூட்டம் முடிந்து அரைமணி நேரத்தில் பசித்துவிடுகிறது. நாடி காட்டும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு இந்த வாரம் ஓடிப் பார்க்கிறேன்.