[கலைச்சொல்] 'லோ ஆங்கிள்': வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

பினாங்கு, ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். தைப்பூசத்துக்கு முன் எங்கள் தமிழ்ப்பள்ளிப் படக்கழகத்துக்கு ஒரு கையேடு வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. தண்ணீர்மலைச் சாலையில் தேங்காய் உடைப்பதைத் தரையோடு தரையாக எடுக்க எது தோது, காம்பேக்ட்டா (கையடக்கச் சிறு கேமரா) டிஎஸ்எல்ஆரா (உள்ளே கண்ணாடி உள்ள பெரிய கேமரா) என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி அனுப்பும் காட்சியைக் கண் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கேமரா தரைக்குப் போனால் ஆளும் போக வேண்டும். திரையைப் பார்த்து எடுக்கலாம்தான், ஆனால் பழைய மாடல்களில் ஃபோகஸ் பிடிப்பதற்குள் ஓடு சிதறி முடிந்துவிடும். திரை திரும்பும் காம்பேக்ட்டுக்குக் குனிந்தால் போதும். அதன் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) சிறியது, அதனால் முன்னும் பின்னும் தெளிவாகவே விழும். எல்லாம் சரி, கேமராவைத் தாழ வைத்து எடுப்பதை 'லோ ஆங்கிள்' என்கிறோமே, அது வந்த இடத்தில் தமிழ்ச்சொல் இல்லாமல் நிற்கிறேன். 'தாழ்கோணம்' போடலாமா?

கோலாலம்பூர்:

கூடாது ஐயா. தாழ்ந்திருப்பது கேமரா, பார்வையோ மேலே போகிறது. பத்துமலை முருகன் 42.7 மீட்டர், அடியில் நின்று எடுப்பவருக்கு அது 'ஏற்றக்கோணம்'. கணக்குப் பாடநூலில் உள்ள சொல்தானே?

பட்டர்வொர்த்:

தமிழ்நாட்டுப் பாடநூலில். நம் பிள்ளைகள் அந்தக் கணக்கை இடைநிலைப்பள்ளியில் மலாயில் படிக்கிறார்கள்: 'சூடுட் டொங்காக்கான்'. 'டொங்காக்' என்றால் அண்ணாந்து பார்ப்பது! அவர்கள் அன்றாட வினையிலிருந்து எடுத்தார்கள், நமக்கென்ன குறை? 'அண்ணாக்கோணம்' என்பேன். 'அண்' என்றாலே மேல்: அண்ணம், அண்ணாக்கு, ஏன், அண்ணன்கூட. குறளில் நரகம் வாய் திறப்பதும் 'அண்ணாத்தல்'தான். அண்ணாமலையையும் இதில் சேர்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். தனி மடலில் விரிவாக

கோலாலம்பூர்:

வேண்டாம் ஐயா. 'அண்ணாக்கோணம்' என்றால் சென்னைக்காரர்கள் அண்ணா சாலையில் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள்.

கிள்ளான், கல்யாணப் படக்காரர்:

நாங்கள் 'லோ' என்போம், தம்பி கேமராவை இறக்கிவிடுவான். இன்னொன்று. ஆசிரியர் எடுக்கப்போவது சாலையில் உருளும் தேங்காய். லென்ஸ் நேராகத்தானே பார்க்கும்? ஏற்றமும் இல்லை, அண்ணாத்தலும் இல்லை. கேமரா கீழே இருப்பது வேறு, மேலே பார்ப்பது வேறு. முதலில் இரண்டு சொல் தேடுங்கள்.

பினாங்கு, ஆசிரியர்:

அது உண்மைதான். கேமரா கீழே இருந்தால் 'தரைமட்டக் காட்சி', அங்கிருந்து மேலே பார்த்தால் 'தாழ்கோணம்', பக்கத்திலேயே 'லோ ஆங்கிள்'. நால்வர் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இப்படியே அனுப்புகிறேன்.

பட்டர்வொர்த்:

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். 'தாழ்' என்றால் கதவின் தாழும்தான். அது கிடக்கட்டும், திரும்பும் திரைக்கு என்ன போட்டீர்கள்? 'கீல்திரை' என்றால் கீல் எந்தப் பக்கம் என்றும் சொல்ல வேண்டும். 2009இல் வந்த நிக்கான் டி5000 கேமராவில் அது அடிப்பக்கம், முக்காலியில் ஏற்றினால் திரை இடிக்கும்.