நியூபோர் 11 மாடல்: வெள்ளி நிறமா, துணி நிறமா? அப்புறம் அந்தக் கம்பிகள்

காகிதக்கொக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. இத்தனை வருடமும் இரண்டாம் உலகப்போர் விமானங்கள்தான் செய்துவந்தேன். ஒரே இறக்கை, உலோக உடம்பு, அதில் கை பழகிவிட்டது. இப்போது முதல் தடவையாக ஈரிறக்கை விமானம் ஒன்றைக் கையில் எடுத்திருக்கிறேன், 1/48 அளவில் (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) முதல் உலகப்போரின் பிரெஞ்சுப் போர் விமானமான நியூபோர் 11. 1916-இல் பிரான்சில் நடந்த வெர்தன் போரைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது இதன் மேல் ஆசை வந்தது, பிரெஞ்சுக்காரர்கள் இதை 'பெபே', அதாவது குழந்தை என்று கூப்பிட்டார்கள் என்று படித்ததும் வாங்கிவிட்டேன்.

பெட்டியைத் திறந்த நாளிலிருந்து மூன்று குழப்பம். முதலாவது நிறம். பெட்டிப் படத்தில் விமானம் முழுக்க வெள்ளி. வேறொருவர் செய்ததில் வெளிர் மஞ்சள், இன்னொருவர் பச்சையும் பழுப்பும் அடித்திருக்கிறார். 1916 புகைப்படங்களைப் பார்த்தால் எல்லாமே சாம்பலாகத்தான் தெரிகிறது. எனக்கு வெர்தன் விமானம்தான் வேண்டும்.

இரண்டாவது, இறக்கைகளுக்கு நடுவே கட்டும் கம்பி. போன வருடம் பழகிப் பார்க்க ஒரு மலிவான கிட்டில் தையல் நூல் கட்டினேன். மறுநாள் காலையில் பாதி நூல் தொய்ந்துவிட்டது, பிசிறு வேறு நீட்டிக்கொண்டு நின்றது.

மூன்றாவது, துப்பாக்கி ஏன் மேல் இறக்கைக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறது? நியூபோர் 17 படங்களில் விமானியின் முகத்துக்கு நேரே இருக்கிறதே, அதையே இதிலும் வைக்கலாமா?

வானூர்தி72 எழுதியது:

வாழ்த்துகள் நண்பரே. மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அது புரிந்தால் நிறத்துக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

நேரே முன்னால் சுட்டால் குண்டு சொந்தப் புரொப்பெல்லரிலேயே படும், அன்றைக்கு எல்லோரும் திணறியது இங்கேதான். மொரான்-சோல்னியே நிறுவனத்தின் ரேமோன் சோல்னியே 1914-லேயே புரொப்பெல்லரின் சுழற்சியோடு துப்பாக்கியை இணைக்கும் கருவியைச் செய்து பார்த்தார். ஆனால் தோட்டாக்கள் ஒரே சீராக வெடிக்கவில்லை, சில ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வெடித்தன, அந்தத் தாமதமே போதும் புரொப்பெல்லர் துளையாவதற்கு. அதனால் புரொப்பெல்லரின் அலகுகளில் ஆப்பு வடிவ எஃகுத் தகடுகளைப் பொருத்தி, படுகிற குண்டு சிதறிப் போகும்படி செய்தார்கள். ரோலான் கரோஸ் அப்படிப்பட்ட ஒரு மொரான் எல் விமானத்தில் 1915 ஏப்ரல் 1-ஆம் தேதி ஒரு ஜெர்மன் விமானத்தை வீழ்த்தினார். பாரிஸில் டென்னிஸ் மைதானத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்களே, அதே கரோஸ்தான். ஏப்ரல் 18-ஆம் தேதி ஜெர்மன் பகுதிக்குள் இறங்க நேர்ந்து பிடிபட்டார், விமானமும் அவர்கள் கையில் சிக்கியது. சில மாதங்களில் ஒழுங்காக வேலை செய்யும் இணைப்புக் கருவியோடு ஜெர்மனியின் ஃபோக்கர் விமானம் வந்துவிட்டது.

பிரெஞ்சுப் படையிடம் அப்படி நம்பத்தக்க கருவி இல்லாத நேரத்தில் வந்த விமானம்தான் குஸ்தாவ் தெலாஜ் வடிவமைத்த நியூபோர் 11. புரொப்பெல்லர் வழியே சுட முடியாது என்றால் அதற்கு மேலே சுடு, அவ்வளவுதான். லூயிஸ் துப்பாக்கியை இறக்கையின் மேல் வைத்தார்கள். தோட்டாக்களை அடுக்கிவைக்கும் வட்டு ஒன்று அதன் மேல் இருக்கும், முதலில் வந்த வட்டில் 47 தோட்டாதான், தீர்ந்துவிட்டால் பறந்துகொண்டே துப்பாக்கியை எட்டிப் பிடித்து வட்டை மாற்ற வேண்டும், பனிக்குளிரில், எதிரி பக்கத்தில் இருக்கும்போது. தயவுசெய்து அந்தத் துப்பாக்கியைக் கீழே இறக்கிவிடாதீர்கள். அதைக் கீழே வைத்தால் அது வெர்தன் பெபே இல்லை. நியூபோர் 17 வந்தபோதுதான் இணைப்புக் கருவியோடு விக்கர்ஸ் துப்பாக்கி விமானியின் முன்னால் வந்தது.

இனி நிறம். 1916 தொடக்கத்தில் வந்தவை பெரும்பாலும் வண்ணம் பூசாத துணி, மேலே தெளிந்த வார்னிஷ் மட்டும். அதனால் வெளிர் பாலாடை நிறம். அதே வருடத்தில் சிலவற்றின் மேற்புறத்துக்குப் பச்சை பழுப்பு உருமறைப்பும் வந்தது. அலுமினியப் பொடி கலந்த வெள்ளிப் பூச்சு பரவலானது நியூபோர் 17 காலத்தில். ஆகவே எந்த மாதம், எந்தப் படைப்பிரிவு என்று முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டிப் படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். படைப்பிரிவின் பெயரே காலத்தைச் சொல்லும்: புகழ்பெற்ற பிரெஞ்சுப் போர் விமானி கின்மேர் இருந்த 3-ஆம் பிரிவு மொரான் ஓட்டியபோது எம்எஸ் 3, நியூபோர் வந்ததும் என் 3, பிறகு ஸ்பாட் என்ற போர் விமானம் வந்ததும் எஸ்பிஏ 3. டெக்கால் தாளில், அதாவது ஒட்டும் சின்னங்கள் உள்ள தாளில், ஸ்பாட் காலத்துச் சின்னம் இருந்தால் அதை இந்த விமானத்தில் ஒட்டக்கூடாது.

டெக்கால் ஒட்டும்போது இன்னொன்று. பிரெஞ்சு வட்டத்தில் நீலம் நடுவில், சிவப்பு வெளியே. பிரிட்டிஷ் வட்டம் இதற்கு நேர்மாறு. வால் சுக்கானில் நீலம் முன்பக்கம், சிவப்பு பின்பக்கம். இந்த விமானத்துக்கு நிலையான வால் துடுப்பே கிடையாது, சுக்கான் முழுவதும் அசையும், அதனால் மூன்று பட்டைகளும் சுக்கான் முழுக்க வரும்.

மேசைவிளக்கு எழுதியது:

நிறத்தை மேலே அழகாகச் சொல்லிவிட்டார், நான் கம்பிக்கு வருகிறேன்.

தையல் நூல் வேண்டவே வேண்டாம். ஈரப்பதம் ஏறினால் தொய்யும், பிசிறை மெழுகு போட்டாலும் முழுதாக அடக்க முடியாது. எல்லாவற்றையும் விட அது தடிமன். நிஜக் கம்பி சில மில்லிமீட்டர்தான், 48-ஆல் வகுத்தால் 0.1 மி.மீ.க்குள் வந்துவிடும். அதனால் இரண்டே வழி சொல்வேன். ஒன்று, கடையில் கிடைக்கும் மிக மெல்லிய தூண்டில் நரம்பு, தங்கூஸ் என்பார்களே அதுதான். இன்னொன்று, மாடல்காரர்களுக்கென்றே விற்கும் மெல்லிய எலாஸ்டிக் இழை. முதல் தடவைக்கு எலாஸ்டிக்தான் நல்லது, தூசி தட்டும்போது கை பட்டாலும் இழுபட்டுத் திரும்ப நேராகிவிடும்.

வேலையின் வரிசைதான் முக்கியம். இறக்கைகளை ஒட்டுவதற்கு முன்னாலேயே, பெயின்ட் அடிப்பதற்கும் முன்னால், கை டிரில்லில் 0.3 மி.மீ. பிட் போட்டு எல்லாத் துளைகளையும் போட்டுவிடுங்கள். மேல் இறக்கையின் அடியில் இருக்கும் துளைகள் பாதி ஆழம் போதும். பெயின்ட், டெக்கால், வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு இழையின் ஒரு முனையை மேலே சூப்பர் க்ளூ வைத்துப் பிடிக்கவிடுங்கள். அப்புறம் இறக்கையைப் பொருத்தி, இரண்டு இறக்கைக்கும் நடுவே நிற்கும் தூண்கள் நன்றாகக் காய ஒரு இரவு விடுங்கள். இந்த ஒரு இரவைத்தான் பலரும் பொறுக்க மாட்டார்கள், இறக்கை கோணலாவது அதனால்தான். மறுநாள் கீழ் முனையைக் கொஞ்சம் இழுத்து ஒட்டினால் போதும். எலாஸ்டிக்கை ரொம்ப இழுத்தால் தூணே வளைந்துவிடும், நேராக நிற்கிற அளவு போதும்.

எந்தக் கம்பி எதற்கு என்று தெரிந்துகொண்டால் எங்கே கட்டுவது என்ற குழப்பமே வராது. பறக்கும்போது இறக்கை மேலே தூக்கப்படும், அதைப் பிடித்து நிறுத்துவது உடம்பின் அடியிலிருந்து தூணின் மேல்முனைக்குப் போகும் கம்பி. தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குவது மேலே நடுவிலிருந்து தூணின் கீழ்முனைக்கு வருவது. பிறகு சக்கரக் கால்களுக்கு நடுவே குறுக்குக் கம்பி. அவ்வளவுதான். இறக்கை முனையை அசைக்கும் ஐலரானுக்கு வெளியே கம்பியே கிடையாது. உடம்பிலிருந்து இரண்டு கோல்கள் விமானிக்கு முன்னால் மேலே போய் இறக்கைக்குள் நுழையும், அங்கிருந்து குழாய் வழியாகத் திருப்புவார்கள். அந்த இரண்டு கோல்களையும் மறக்காமல் வையுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

பழையபட்டறை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். முதல் ஈரிறக்கைக்கு நியூபோர் கஷ்டம். கீழ் இறக்கை ஒடுக்கம், தூண் 'வி' வடிவத்தில் ஒரே புள்ளியில் கீழே வந்து நிற்கிறது, மேல் இறக்கை ஆடும். ஸ்பாட் 7 எடுத்தால் இரண்டு இறக்கைக்கும் ஏறக்குறைய ஒரே அகலம், தூண்கள் நேராக நிற்கும், பெட்டி மாதிரி தானாகவே சதுரத்துக்கு வந்துவிடும். என்ஜினும் மூடியிருப்பதால் அதில் மெனக்கெட வேண்டியதில்லை.

வானூர்தி72 எழுதியது:

இறக்கை ஆடும் என்பது சரிதான், நிஜ விமானத்துக்கே அந்தக் குறை இருந்தது. கீழ் இறக்கைக்கு ஒரே ஒரு குறுக்குச்சட்டம், வேகமாகக் குத்துப்பாய்ச்சலில் இறங்கினால் முறுக்கிக்கொள்ளும், சில சமயம் முறிந்தும் போனது. இதே அமைப்பைப் பின்பற்றிய ஜெர்மன் ஆல்பட்ராஸ் டி 3-க்கும் அதே கதிதான். ஆனால் ஸ்பாட் சுலபம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அதன் நடுவில் இருக்கும் மெல்லிய தூண்களைக் கவனியுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் அதிராமல் பிடித்துக்கொள்ள ஸ்பாட்டை வடிவமைத்த லூயி பெஷெரோ வைத்தவை அவை. எல்லாக் கம்பியும் சரியாக அந்த இடத்தில் சந்திக்காவிட்டால் ஒரு பார்வையிலேயே தப்பு தெரிந்துவிடும். நியூபோரில் அந்தத் தொல்லை இல்லை. மேல் இறக்கை ஆடாமல் இருக்க, கெட்டி அட்டையில் பள்ளம் வெட்டி ஒரு தாங்கி செய்து அதில் உட்காரவைத்துக் காயவிடலாம்.

ஸ்பாட் 7 செய்கிறவர்கள் வாய்ப்பு கிடைத்தால் பாரிஸ் அருகே லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் கின்மேரின் 'வியூ ஷார்ல்' என்ற ஸ்பாட் 7 நிற்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள். 54 வெற்றிகளுக்குப் பிறகு 1917 செப்டம்பர் 11-ஆம் தேதி பெல்ஜியத்தின் போல்கபெல்லே பக்கம் பறந்த அந்த மனிதர் திரும்பி வரவேயில்லை, அவருக்கு 22 வயது. அவர் அன்று ஓட்டியது ஸ்பாட் 13, இது அதற்கு முன்னால் ஓட்டியது. படத்தில் எத்தனை தடவை பார்த்தாலும் நேரில் நின்றால் அது எவ்வளவு சின்னது என்பதுதான் மனதைப் பிசையும்.

காகிதக்கொக்கு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. முடிவு செய்துவிட்டேன்: 1916 வசந்தம், வெர்தன், துணி நிறம், துப்பாக்கி மேலேயே. எலாஸ்டிக் இழை வாங்கப் போகிறேன், துளைகள் நேற்று இரவே போட்டாகிவிட்டது. வெர்தனில் பறந்த பிரெஞ்சு விமானி நவாரின் மூவண்ண உடம்பு விமானத்தைச் செய்யலாமா என்று ஆசைப்பட்டேன், முதல் தடவைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

கடைசியாக ஒன்று. என்ஜின் எண்ணெய்க் கறை எவ்வளவு காட்டுவது, எங்கே? கறுப்பாக அடிக்கலாமா?

மேசைவிளக்கு எழுதியது:

கறுப்பு வேண்டாம். இது லெ ரோன் ரோட்டரி, 80 குதிரைத்திறன். அச்சு அப்படியே நிற்கும், சிலிண்டர்கள் எல்லாம் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். போட்ட எண்ணெய் திரும்பி வராது, எரிந்தும் எரியாமலும் வெளியே வீசப்படும். அந்த எண்ணெய் நம்ம விளக்கெண்ணெய்தான். துணியில் அது விழுந்தால் எப்படி இருக்கும் என்று வீட்டில் பழைய வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கறுக்காது, துணி ஈரமானது போலத் தேன் நிறத்துக்கு மங்கி, கொஞ்சம் பளபளக்கும். என்ஜின் மூடி அடிப்பக்கம் திறந்து குதிரை லாடம் மாதிரி இருப்பதால் கறை உடம்பின் அடிவயிற்றில்தான் அதிகம், அங்கிருந்து பின்னால் போகப்போக மெலியும். பழுப்பு ஆயில் பெயின்டை நன்றாக நீர்க்கவைத்து இரண்டு மூன்று தடவையாக இழுங்கள், கடைசியில் பளபளப்பு வார்னிஷ் அந்த இடத்துக்கு மட்டும். படம் போடும்போது விமானத்தைக் கவிழ்த்தும் ஒன்று எடுத்துப் போடுங்கள்.