டயோடு ஆய்வக ஏடு: 'எரர் ப்ராபகேஷன்' தமிழில் எப்படி?

தருமபுரி (பாலிடெக்னிக் ஆசிரியை):
வணக்கம். ஆய்வக ஏடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது, ஒரு சொல் மட்டும் நிற்கிறது. டயோடின் (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் மின்னணு உறுப்பு) மின்னழுத்தத்தை 1 மில்லிவோல்ட் தவறாக அளந்தால், அதிலிருந்து கணக்கிடும் மின்னோட்டம் ஏறக்குறைய 4 விழுக்காடு தவறும். மின்னோட்டம் எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைத் தீர்மானிக்கும் வெப்ப மின்னழுத்தம், அறை வெப்பநிலையில் சுமார் 26 மில்லிவோல்ட்தானே; 26-இல் 1 என்பது ஏறக்குறைய 4 விழுக்காடு. ஓர் அளவின் பிழை இன்னோர் அளவுக்குப் போவதை 'பிழைப் பரவல்' என்று எழுதியிருக்கிறேன். சரியா?

கிருஷ்ணகிரி (கணித ஆசிரியர்):
பரவல் வேண்டாம் மேடம். புள்ளியியலில் 'இயல்நிலைப் பரவல்' (நார்மல் டிஸ்ட்ரிபியூஷன்) படித்த பிள்ளைகள் குழம்புவார்கள். 'பிழைப் பெருக்கம்' வையுங்கள்.

தருமபுரி:
ஓர் எண்ணால் பெருக்கினால் போதும் என்று நினைத்துவிடுவார்களே சார். 6 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் 26 விழுக்காடு ஏறுகிறது. அதே 6 குறைந்தால் 21 விழுக்காடுதான் இறங்குகிறது. மின்னழுத்தம் அடுக்கில் வரும் அடுக்குக்குறிச் சார்பு அப்படி.

அரூர் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
முதலில் 'பிழை'யைப் பாருங்கள் அம்மா. குறள் 772-இல் 'யானை பிழைத்த வேல்', குறி தப்பிய வேல். அங்கே குற்றம் என்ற பொருளே இல்லை. உயிர் பிழைத்தலும் தப்புதல்தான். அளவீட்டுக்கு இதைவிடப் பொருந்தும் வேர் ஏது? வேல் என்றதும் அதியமான் ஆண்ட நம் தகடூர், இன்றைய தருமபுரி, நினைவு வருகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி, நெய் பூசிக் காவலில் இருந்தன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடந்தன என்று ஔவை பாடியது புறநானூறு 95. அவை குறி பிழைக்காத வேல்கள்! சொல்லுக்கு வருகிறேன்: பிழை வழிவழியாக வருவதால் 'பிழைவழிவு'.

ஓசூர் (தொழிற்சாலைத் தரப் பரிசோதகர்):
வழிவு என்றால் எங்கள் ஆட்களுக்கு எண்ணெய் வழிவதுதான் ஐயா. 'பிழை எகிறுது' என்போம், உடனே விளங்கும். மேடம், வெப்பநிலையையும் சேருங்கள். மின்னழுத்தம் மாறாவிட்டாலும், சிலிக்கான் டயோடு 10 டிகிரி சூடேறினால் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். மே மாதத்தில் காலை அளவையும் பிற்பகல் அளவையும் ஒரே அட்டவணையில் போடவிடாதீர்கள்.

அரூர்:
எகிறல் சந்தைப் பேச்சு. பாடநூலில் ஏறக் கூடாது.

கிருஷ்ணகிரி:
சந்தையில் புழங்குவதும் தமிழ்தானே ஐயா? ஆனால் தலைப்புக்கு ஆகாது என்பது சரி. பரவலே இருக்கட்டும்; புள்ளியியல் பொருள் வேறு என்று ஒரு வரி போடுங்கள்.

தருமபுரி:
தலைப்பில் 'பிழைப் பரவல்', விளக்கத்தில் 'பிழை எகிறும்'. வெப்பநிலைக்குத் தனிப் பத்தி சேர்த்துவிட்டேன்.

அரூர்:
அச்சிடுங்கள் அம்மா. ஆனால் பரவுவது நோயும் நெருப்பும், பிழை வழிவது. மறுபதிப்பு வரும்போது மீண்டும் எழுதுவேன்.