உள்ளூராட்சியில் ஆளுங்கட்சியின் பலம்: 61 வீதம் 43 ஆனதை எப்படி வாசிப்பது?

கேள்வி (பூநகரி வாசகர்)

இலங்கையின் 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல் முடிவை வைத்து எங்கள் பக்கத்தில் இரண்டு கதை ஓடுகிறது. ஒரு தரப்பு சொல்வது: 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் 61.56 வீதம் எடுத்த ஆளுங்கட்சியான தேசிய மக்கள் சக்தி ஆறு மாதத்தில் 43.26 வீதத்துக்கு இறங்கிவிட்டது, அடுத்த முறை இன்னும் இறங்கும். மற்றத் தரப்பு சொல்வது: 339 சபைகளில் 265 இல் முதலிடம், இதைவிட வேறென்ன வெற்றி வேண்டும்?

இரண்டுக்கும் எண் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, குறைந்த வாக்கு எங்கே போனது? இரண்டு, முதலிடம் வந்த சபைகளிலும் ஆட்சி அமைக்கத் திண்டாடியது ஏன்? மூன்று, அடுத்த முறை ஒரு பிரதேச சபை ஆளுங்கட்சிக்குப் போகுமா போகாதா என்று வாக்காளரிடம் கேட்டுக் கணிப்பதென்றால் என்னத்தைக் கேட்க வேண்டும்? கட்சிக்காரரின் முகநூல் சண்டை வேண்டாம், கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (வட்டாரக் கணக்கு)

வீதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வாக்கின் தொகையைப் பாருங்கள். கதை உடனே மாறும்.

பாராளுமன்றத் தேர்தலில் தே.ம.சக்திக்கு 68,63,186 வாக்கு. உள்ளூராட்சியில் 45,03,930. குறைந்தது ஏறத்தாழ 23 இலட்சத்து 59 ஆயிரம். இனி எதிர்த்தரப்பு எவ்வளவு கூட்டியது என்று பாருங்கள். பிரதான எதிர்க்கட்சியான ஐக்கிய மக்கள் சக்தி 19,68,716 இலிருந்து 22,58,480 ஆனது, அதாவது 2 இலட்சத்து 90 ஆயிரம்கூடக் கூடவில்லை. ராஜபக்சக்களின் பொதுஜன பெரமுன 3,50,429 இலிருந்து 9,54,517 ஆனது, கூடியது 6 இலட்சத்து 4 ஆயிரம். இரண்டையும் சேர்த்தாலும் 9 இலட்சத்தைத் தொடாது. செல்லுபடியான மொத்த வாக்கே 7 இலட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. மிச்சம் சுயேச்சைக் குழுக்களுக்கும் சிறு கட்சிகளுக்கும் சிதறியது.

ஆகவே விலகிப் போன வாக்காளரில் பெரும் பகுதியினர் பிரதான எதிர்க்கட்சியின் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பகுதி வாக்குச்சாவடிக்கே வரவில்லை, இன்னொரு பகுதி தெரிந்த முகத்துக்கு அல்லது பழைய கட்சிக்குப் போட்டது. வீட்டில் இருந்தவரைத் திரும்பக் கூட்டி வரலாம். எதிர்க்கட்சிக்கு மாறியவரைத் திருப்புவது கடினம். ஆளுங்கட்சியின் எதிர்காலத்தைப் பேசும் எவரும் முதலில் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் இது ஆளுங்கட்சிக்கு முழு ஆறுதலும் அல்ல. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். அன்று ஆட்சியில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சி 2015 பொதுத்தேர்தலில் எடுத்த 50,98,916 வாக்கு 36,40,620 ஆகக் குறைந்தது. கூட்டாளியான சுதந்திரக் கட்சித் தரப்பு தனியாகக் கேட்டது. பெரமுன 40.47 வீதத்துடன் 231 சபைகளைப் பிடித்தது. அடுத்த ஆண்டு சனாதிபதித் தேர்தலிலும் பெரமுன வேட்பாளர்தான் வென்றார். ஒரு வித்தியாசம்: அது ஆட்சி தொடங்கி இரண்டரை வருடம் கழிந்த பின் வந்த தேர்தல், 2025 இல் வந்தது ஆறாவது மாதத்தில். ஆறாவது மாதத்தில் ஆளுங்கட்சி முதலிடம் வருவது எதிர்பார்க்கக் கூடியதே. அந்த முதலிடத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது வருடத்துக்குக் கணக்குப் போட முடியாது.

இன்னொரு அளவுகோல் எல்பிட்டிய பிரதேச சபை. 2024 ஒக்டோபர் 26 இல் அங்கே மட்டும் தேர்தல் நடந்தது. சனாதிபதி வென்று ஒரு மாதம், பொதுத்தேர்தலுக்கு 19 நாள் இருக்கும்போது. அலை உச்சத்தில் இருந்த அந்த நேரத்திலேயே, தென்னிலங்கையின் காலி மாவட்டத்தில், தே.ம.சக்திக்குக் கிடைத்தது 30 இல் 15 ஆசனம். சரி பாதி. பாராளுமன்ற வாக்கு உள்ளூராட்சிக்கு அப்படியே இறங்காது என்பதை எல்பிட்டிய முன்கூட்டியே காட்டிவிட்டது. அதனால் 61 ஐயும் 43 ஐயும் நேருக்கு நேர் கழித்து 18 வீதச் சரிவு என்று எழுதுவது தவறான அளவு.

பதில் 2 (கொழும்பு வடக்கு)

இரண்டாவது கேள்விக்கு. இந்தத் தேர்தல் முறையில் முதலிடம் ஒன்று, பெரும்பான்மை வேறொன்று. 2017 திருத்தத்துக்குப் பிறகு 60 வீத ஆசனம் வட்டாரத்துக்கு, 40 வீதம் கட்சிப் பட்டியலுக்கு. வாக்காளருக்கு ஒரே வாக்குச்சீட்டு, ஒரே புள்ளடி, விருப்பு வாக்கு கிடையாது. அந்த ஒரு புள்ளடி வட்டார வேட்பாளருக்கும் கட்சியின் மொத்தக் கணக்குக்கும் சேர்த்துப் போகிறது.

ஒரு கற்பனைச் சபையை வைத்துப் பார்ப்போம். 20 ஆசனம்: 12 வட்டாரம், 8 பட்டியல். செல்லுபடியான வாக்கு 20,000. வாக்கை ஆசனத்தால் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு 1,000.

ஆளுங்கட்சி 8,600
இரண்டாவது கட்சி 5,300
மூன்றாவது 3,400
நான்காவது 1,700
சுயேச்சை 1,000

முழு ஆயிரங்களுக்கு 8, 5, 3, 1, 1 என்று 18 ஆசனம் போகும். மிச்சம் இரண்டும் பெரிய மீதி உள்ளவர்களுக்கு: 700 மீதியுள்ள நான்காவது கட்சிக்கு ஒன்று, 600 மீதியுள்ள ஆளுங்கட்சிக்கு ஒன்று. ஆளுங்கட்சியின் உரித்து, அதாவது வாக்குக்கு ஏற்ப அதற்குச் சேர வேண்டிய ஆசனம், 9. அதில் வென்ற வட்டாரம் போக மிச்சம்தான் பட்டியலில் கிடைக்கும். அது 9 வட்டாரம் வென்றிருந்தால் பட்டியலில் ஒன்றும் கிடைக்காது, 20 இல் 9 தான்.

இனி 12 இல் 11 வட்டாரத்தை அது அள்ளிவிட்டது என்று வையுங்கள். மேடையில் மாபெரும் வெற்றி என்பார்கள். ஆனால் உரித்து 9 தான், மேலதிகம் 2. வென்ற வட்டாரத்தைப் பறிக்க முடியாது, ஆகவே சபை 22 ஆகப் பெருகும். மற்றவர்களின் 11 அப்படியே இருக்கும். 22 இல் 11, சரி பாதி. சட்டம் கேட்பது பாதிக்கு மேல். ஒரேயொரு வட்டாரத்தைத் தவிர எல்லாவற்றையும் வென்றும் தனியாகத் தவிசாளரை நியமிக்க முடியாது. பன்னிரண்டையும் வென்றால் மட்டுமே 23 இல் 12 ஆகி ஆட்சி கைக்கு வரும்.

பாதிக்கு மேல் இருந்தால் கட்சிச் செயலாளர் பெயரைக் கொடுத்தால் போதும், சபையில் வாக்கெடுப்பு இல்லை. இல்லாவிட்டால் மாகாண உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டி உறுப்பினரிடையே தேர்தல் நடத்துவார். பகிரங்கமா இரகசியமா என்பதையே முதலில் உறுப்பினர் வாக்கால் தீர்மானிக்க வேண்டும். சமநிலை வந்தால் சீட்டுக் குலுக்கல். கொழும்பு மாநகர சபையில் 117 இல் தே.ம.சக்திக்கு 48, ஐ.ம.சக்திக்கு 29. 2025 யூன் 16 இல் இரகசிய வாக்கெடுப்பு நடந்து 61க்கு 54 என்று தே.ம.ச வேட்பாளர் மேயரானார். 48 ஐ 61 ஆக்கியது வாக்காளர் அல்ல, சுயேச்சைகளும் சிறு கட்சிகளும்.

மேயர் கதிரை கிடைத்தாலும் வரவு செலவுத் திட்டம் என்ற அடுத்த கண்டம் காத்திருக்கிறது. யாழ். மாநகர சபையில் 2020 டிசம்பரில் வரவு செலவுத் திட்டம் இரண்டு தரம் தோற்று முதல்வர் ஆர்னோல்ட் பதவி இழந்தார், 21க்கு 20 என்ற ஒரே வாக்கில் மணிவண்ணன் வந்தார். ஆகவே சபை யார் கையில் என்று கணிக்கிறவர் தேர்தல் இரவோடு கணக்கை மூடக் கூடாது.

பதில் 3 (தென்மராட்சி)

மேலே சொன்னது முழு நாட்டுக் கணக்கு. வடக்கில வேற கணக்கு, அதையும் பாக்க வேணும்.

2024 நவம்பரில யாழ். தேர்தல் மாவட்டத்தில தே.ம.சக்தி 80,830 வாக்கோட முதலாவதா வந்து ஆறில மூண்டு ஆசனம் எடுத்தது. வீதம் எண்டு பாத்தால் 24.85 தான். தமிழ்க் கட்சியள் துண்டு துண்டாக் கேட்டதால நாலில ஒரு பங்கு வாக்கே முதலிடத்துக்குப் போதுமாயிருந்தது. அதை “வடக்கு மாறிட்டுது” எண்டு வாசிச்சதுதான் பிழை. நாலில மூண்டு பேர் அவைக்குப் போடேல்லை எண்டதும் அதே கடதாசியிலதான் இருந்தது.

உள்ளூராட்சியில என்ன நடந்தது? தமிழரசுக் கட்சி நாடு முழுக்க 2,57,813 இலயிருந்து 3,07,657 ஆ ஏறிச்சு. யாழ். மாநகர சபையில 45 பேரில தமிழரசு 13, தமிழ்க் காங்கிரஸ் 12, தே.ம.ச 10. மூண்டாவது இடம். ஆனால் பத்து உறுப்பினர் எண்டது சின்ன விஷயமில்லை. 2018 இல தே.ம.சக்தியின்ர தாய்க் கட்சியான ஜே.வி.பி நாடு முழுக்க எடுத்ததே 5.75 வீதம்.

இறங்கினதுக்குக் காரணம் கேட்டால் சனம் மூண்டைச் சொல்லும். முதலாவது காணி. 2025 மார்ச் 28 இல வந்த வர்த்தமானியில வடக்கில 5,940 ஏக்கர் கிட்ட காணிக்கு மூண்டு மாசத்துக்குள்ள உரிமை கோரச் சொல்லியிருந்தது, கோராட்டில் அது அரச காணியாகும் எண்டு. உறுதி துலைஞ்சவை, இடம்பெயர்ந்து வெளிநாடு போனவை எப்பிடி மூண்டு மாசத்துக்குள்ள நிரூபிக்கிறது? பிரசாரம் நடக்கேக்க இது வந்தது ஆளுங்கட்சிக்குப் பெரிய அடி. தேர்தலுக்குப் பிறகுதான் திரும்ப எடுத்தவை.

இரண்டாவது, எங்கட கட்சிச் சபையெண்டால் காசை யோசிக்காமல் குடுப்பம், மற்றதெண்டால் ஆராய்வம் எண்ட பொருள்பட சனாதிபதி பிரசாரத்தில பேசினது. ஊழலைத் தடுக்கத்தான் எண்டு அவை விளக்கம் சொன்னாலும், சனத்துக்கு அது வெருட்டல் மாதிரிப் பட்டது. உண்மையில பிரதேச சபைக்கு ஆதன வரி, வியாபார அனுமதிப்பத்திரக் கட்டணம், சந்தைக் குத்தகை எண்டு சொந்த வருமானம் இருக்குது. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை ஊடாக வரும். கொழும்பு முகத்தைச் சுழிச்சால் சபை பூட்டுப்படாது. பெரிய றோட்டு, பெரிய வடிகால் மாதிரி வேலையளுக்குத்தான் மத்திய நிதி வேணும். இந்த வித்தியாசத்தை வாக்காளருக்குத் தெளிவாச் சொன்ன கட்சி கொஞ்சம்.

மூண்டாவது, வேட்பாளர். பாராளுமன்றத்துக்குச் சனாதிபதி அனுரவின்ர முகம் காணும். வட்டாரத்தில செத்த வீட்டுக்கும் கலியாண வீட்டுக்கும் வாறவர் ஆர், வாய்க்கால் அடைச்சால் ஆரைக் கூப்பிடலாம் எண்டதுதான் கேள்வி.

பூநகரி வாசகர்

மூவருக்கும் நன்றி. 22 இல் 11 கணக்கு இப்போதுதான் விளங்கியது. மூன்றாவது கேள்வி மிச்சம். களத்தில் என்ன செய்வது? பொதுத்தேர்தல் தொகுதி முடிவை எங்கள் சபைக்கு எடுத்து வைக்கலாமா?

பதில் 4 (வட்டாரக் கணக்கு)

எடுத்து வைக்காதீர்கள். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று மூன்று பிரதேச சபை, தேர்தல் தொகுதியோ ஒன்றுதான். தொகுதி முடிவில் எது கரைச்சி வாக்கு, எது பூநகரி வாக்கு என்று பிரிக்க முடியாது. 2025 உள்ளூராட்சி முடிவை வட்டார வாரியாக எடுங்கள், அதுதான் அடித்தளம்.

அதில் முதல் வேலை, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் எழுதுவது. சில பத்து வாக்கில் முடிந்த வட்டாரங்களைத் தனியே குறியுங்கள், களவேலையில் முக்கால்வாசி நேரம் அங்கேதான் செலவாக வேண்டும். இரட்டை அங்கத்தவர் வட்டாரம் இருந்தால் இரண்டு மடங்கு கவனம், வென்ற கட்சி அங்கே இரண்டு ஆசனத்தையும் எடுத்துவிடும். பிறகு சபை முழுவதன் வாக்கைக் கூட்டி, மேலே சொன்ன முறையில் உரித்துக் கணக்கைப் போடுங்கள். ஆளுங்கட்சி வென்ற வட்டாரம் அதன் உரித்தைவிட இரண்டோ அதற்கு மேலோ குறைவென்றால் இன்னும் இரண்டு வட்டாரம் வென்றாலும் மொத்த ஆசனம் கூடாது, பட்டியலில் இருந்து அந்த இரண்டும் கழியும். இதைக் கவனிக்காமல் “அந்த வட்டாரமும் விழுந்தால் சபை போச்சு” என்று பயப்படுகிறவர்கள் நிறைய.

வாக்காளரிடம் கேட்கும்போது “யாருக்குப் போடுவீர்கள்” என்று தொடங்கினால் கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் வரும். முதலில் “நவம்பரில் போட்டீர்களா, மே மாதம் போட்டீர்களா” என்று கேளுங்கள். நவம்பரில் போட்டு மே மாதம் போடாதவர்தான் நீங்கள் தேடும் ஆள். அவர் ஏன் வரவில்லை என்பதில்தான் ஆளுங்கட்சியின் வாய்ப்பு இருக்கிறது. “உள்ளூர்த் தேர்தல்தானே, யார் வந்தாலென்ன” என்றால் அவர் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. காணியை, விலைவாசியை, வேலையைச் சொன்னால் அது வேறு. அதற்குப் பிறகு “உங்கள் வட்டார உறுப்பினர் பெயர் என்ன” என்று கேளுங்கள். பெயர் தெரிந்தவர்களிடம் கட்சி அலை குறைவாக வேலை செய்யும், அந்த ஆள் செய்த வேலையும் செய்யாத வேலையும்தான் பேசும். கட்சி பற்றிய கேள்வி கடைசியில் வரட்டும்.

சந்தையிலும் தேநீர்க் கடையிலும் மட்டும் கேட்டால் ஆண்களின் அரசியல்தான் வரும். கிணற்றடி, சங்கக்கடை, முன்பள்ளி வாசல் என்று போனால் தண்ணீர், வீதி விளக்கு, குப்பை பற்றிய பதில் வேறாக இருக்கும். பிரதேச சபை செய்ய வேண்டிய வேலையும் அதுதான்.

பதில் 5 (தென்மராட்சி)

ஒண்டை மட்டும் சேர்க்கிறன். தமிழ்க் கட்சியள் எத்தினை அணியாக் கேக்கினம் எண்டதை வேட்புமனு முடியிற நாள் வரைக்கும் பாத்திட்டுத்தான் கணிப்பைச் சொல்லுங்கோ. 8,600 எடுத்த அதே ஆளுங்கட்சி, எதிரில ரண்டு பேர் நிண்டால் நாலு வட்டாரமும் வெல்லாமல் போகலாம், அஞ்சு பேர் நிண்டால் ஒன்பது வெல்லலாம். வாக்காளர் மனம் ஒரு துளியும் மாறாமலே இது நடக்கலாம்.