மாங்கன்றின் பட்டையைக் கடித்தது எது?

மண்வெட்டி:
ஏழு ஒட்டு மாங்கன்றுகள் நட்டு மூன்றாண்டுகள் ஆகின்றன. நேற்றுக் காலை பார்த்தால் இரண்டின் அடியில் பட்டையைக் காணோம்; வெள்ளைக் கட்டை தெரிகிறது. ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் போயிருக்கிறது. மற்றொன்றில் தண்டைச் சுற்றி முழு வளையமாக, ஒட்டுக்குச் சற்று மேலே. மூன்றாவது கன்றின் தாழ்ந்த கிளை ஒன்று கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக அறுபட்டிருக்கிறது. எல்லாம் என் முழங்கால் உயரத்துக்குள்தான். பக்கத்து வீட்டுக்காரர் மான் என்கிறார். அவருக்கு எதற்கெடுத்தாலும் மான்தான். வளையமாகக் கடிபட்டதுதான் எல்லாவற்றையும்விடப் பச்சையாக நிற்கிறது. பிழைத்துவிடும் என்று நம்பலாமா?

இராக்காவல்:
அந்த வெட்டு மானுடையது அல்ல. மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. பிடித்து இழுத்துப் பிய்க்கும், வெட்டு நார்நாராகத் தொங்கும். சாய்வாகச் சுத்தமாக அறுபட்டிருந்தால் முயல். முள்ளம்பன்றியும் அடிப்பட்டையை உரிக்கும், ஆனால் பல் தடம் அகலமாக இருக்கும். சுற்றிலும் உதிர்ந்த முள் கிடக்கிறதா என்று பாருங்கள்.

பழைய தோட்டக்காரி:
பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறுகிறது, அதனால் இலை வாடவில்லை. இலை சமைக்கும் சத்து பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்க வேண்டும். அந்த வழி அறுந்துவிட்டது. வேர் பட்டினியில் காய்ந்த பிறகுதான் இலைக்குச் சேதி தெரியும். ஒட்டுப் போடத் தெரிந்தவர் யாராவது இருந்தால், அதே மரத்தின் குச்சிகளைக் காயத்தின் மேலும் கீழும் செருகிப் பாலம் போலப் பொருத்தலாம். குச்சியின் நுனி மேல்நோக்கியே இருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் மகிழ வேண்டாம், அது வேர்ச்செடியின், அதாவது ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் வேறு மாஞ்செடியின் துளிர்.

ஒரு பக்கம் கடிபட்டதை அப்படியே விடுங்கள். தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். காயத்தை மரமே விளிம்பிலிருந்து மூடிக்கொள்ளும்.

இன்றைக்கே எல்லாக் கன்றுக்கும் கூண்டு கட்டுங்கள். கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலை போதும், கண் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம், உயரம் 90 சென்டிமீட்டர். வலையின் அடியில் ஒரு சாண் அளவு வெளிப்பக்கம் மடித்து மண் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் தோண்டிக்கொண்டு உள்ளே வரும். தண்டுக்கும் வலைக்கும் இடையில் ஒரு சாண் விட்டு, முளையடித்து நிறுத்துங்கள். நான் முதல்முறை தண்டோடு சேர்த்துக் கட்டி மறந்துவிட்டேன். தண்டு பருத்துக் கம்பி பட்டைக்குள் இறங்கிவிட்டது. முயல் செய்யாததை நான் செய்தேன்.

மண்மேல் பரப்பும் இலைதழை மூடாக்கைத் தண்டோடு ஒட்டிக் குவித்திருந்தால் விலக்குங்கள், அதற்குள் எலி குடியேறும்.

மண்வெட்டி:
முள் எதுவும் கிடக்கவில்லை. ஐந்து கூண்டு கட்டியதும் வலை தீர்ந்துவிட்டது. மீதி இரண்டையும் இன்றிரவு நானே காக்கிறேன். முயல்தான் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். மான் விரட்டி வந்த முயலாக இருக்கும் என்கிறார்.