புதுப்பிப்பு: இணையவழி உதவியில் நான்கு மாதங்கள்

பாலியல் வன்முறைக்குப் பின் தூக்கத்திற்காகத் தொடங்கிய குடியை, முகம் காட்டாமல் இணையவழி உதவியால் நிறுத்த முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

குடிப்பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்று அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவத்தில் எனக்கு 19 மதிப்பெண் வந்தது. 8 வந்தாலே கவனிக்க வேண்டும். அன்றாடம் மிகுதியாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், ஆலோசகர் என்னை முதலில் மருத்துவரிடம்தான் அனுப்பினார். பிறகு பெண்கள் மட்டுமே உள்ள குழுவில், கேமராவை அணைத்துவிட்டு, ஆறு வாரம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்; நடந்ததை விவரிக்கச் சொல்லி எவரும் வற்புறுத்தாததே என்னை அங்கே தங்க வைத்தது.

குடியை விட்ட பிறகே வன்முறை தந்த மனக்காயத்தைப் பேசலாம் என்று முன்பு ஓரிடத்தில் சொன்னார்கள்; அது எனக்குப் பொருந்தவில்லை, இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம். கெட்ட கனவில் விழிக்கும் இரவுகளில், குடிக்கும் ஆசை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று கைபேசியில் குறித்துவைக்கிறேன். பெரும்பாலும் அரை மணிக்குள் தணிந்துவிடுகிறது. சென்ற மாதம் இரண்டு நாள் குடித்தேன். அதையும் குழுவில் சொல்லிவிட்டேன்.